என் அழுகைக்கு டிக்கெட் போட்ட மகனுக்கு

லோகா, அம்மாதான் எழுதுகிறேன். நலமா என்று கேட்கவில்லை. நீ நலமாக இருப்பதை உன் படத்தோடு யாராவது ஒருத்தர் தினமும் கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார். ஆசீர்வாதத்தையும் இப்போது எழுதவில்லை, கோபம் கொஞ்சம் இறங்கட்டும். நான் எழுதி முடித்ததும் உன் அக்கா இதைக் கைப்பேசியில் தட்டி எல்லாரும் படிக்கிற இடத்தில் போடப்போகிறாள். "வேணாம்மா, இது நம்ம வீட்டு விசயம்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வீட்டு விஷயமாகத்தான் இருந்தது, அதைத் தெருவுக்குக் கொண்டுபோனது நானா என்று கேட்டேன்.  என் அழுகையை நாடே பார்த்தாகிவிட்டது. என் பேச்சையும் நாலு பேர் கேட்கட்டும்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், தெரியாதவர்களுக்காக. நீ தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரன். நான் உன் அம்மா, மேடையில் உன் மூலையில் நிற்கிறவள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீ வந்து உட்காரும் அந்த ஒரு நிமிஷத்தில் உன் முகத்தைத் துடைத்து, புருவம் கிழிந்திருந்தால் இரத்தத்தை நிறுத்தி, கண் வீங்கியிருந்தால் ஐஸில் போட்டு வைத்த இரும்புத் தகட்டை அழுத்தி, கன்னத்தில் வாஸ்லைன் தடவித் திருப்பி அனுப்புவது என் வேலை. குருண் ஊருக்குப் பக்கத்தில் நாம் இருந்த ரப்பர் தோட்டத்தின் கிளினிக்கில் பல வருஷம், காயத்துக்கு மருந்து கட்டும் டிரசருக்குக் கூடமாட வேலை செய்தவள் நான். பால்வெட்டுக் கத்தி கிழித்த கையையும் செம்பனை முள் ஏறிய காலையும் பார்த்துப் பார்த்து, இரத்தம் என்றால் எனக்குப் பயமில்லாமல் போய்விட்டது. நீ முதன்முதலாகப் புருவம் கிழிந்து உட்கார்ந்திருந்த அன்று, மூலையில் இருந்த ஆள் அழுக்குத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தான். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேலே ஏறிவிட்டேன். உன் பயிற்சியாளர் மணியம் மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "இனிமே நீங்களே நில்லுங்கக்கா, எனக்குக் கண்ணாடி இல்லாம ஒன்னும் தெரிய மாட்டேங்குது லா" என்றார். அன்றிலிருந்து நீ எங்கே சண்டை போட்டாலும் உன் முதுகுக்குப் பின்னால் நான் இருந்தேன்.

"பெத்த பிள்ளைய அடிக்கிறதை எப்படிக்கா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க" என்று இப்போது நாம் குடியிருக்கிற பாக்கார் ஆராங்கில் நம் வரிசை வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். அடியை யார் பார்த்தது, அடிபட்ட இடத்தைத்தான் நான் பார்க்கிறேன் என்பேன். உன் இடது புருவம் சீக்கிரம் கிழியும். வலது கன்னம் தாமதமாக வீங்கும். மூக்கில் பட்டால் நீ உடனே வாயால் மூச்சுவிடுவாய், நாக்கு கொஞ்சம் வெளியே தெரியும். இவ்வளவு தெரிந்தவளை ஏமாற்றியிருக்கிறாய் என்றால் நீ சாமர்த்தியசாலிதான். நான் இவ்வளவு தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

உன்மேல் எனக்குப் பரிதாபமே இல்லை என்று நினைக்காதே. நீ இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்த நேரம் அப்படி. கல்யாணமான புதிதில் உன் அப்பா என்னைச் சுங்கைப்பட்டாணிக்கு ஒரு குத்துச்சண்டை பார்க்கக் கூட்டிப்போனார். தோட்டத்து லாரிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவர், யாராவது அடி வாங்கும்போதெல்லாம் தன் தொடையில் தானே குத்திக்கொண்டார். அந்தக் கூட்டம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. நீ வளர்ந்து கையுறை மாட்டும்போது ஜன்னலில் தொங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. உன்னோடு பயிற்சி எடுத்த பையன்களில் ஒருத்தன் கூண்டுக்குள் உதைத்துக் கட்டிப் புரளும் சண்டைக்குப் போனான், அதற்குத்தான் இப்போது ஆள் வருகிறது என்றான். இன்னொருத்தன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். உனக்குச் சண்டை பேசுவதற்கே எதிராளி கிடைக்காமல் தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஆள் தேடினார் மாஸ்டர்.

அலோர் ஸ்டாரில் ஒரு மண்டபத்தில் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கெஞ்சியது நினைவிருக்கிறதா? பின்னால் இருக்கிறவர்கள் தயவுசெய்து கேமராவுக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்காருங்கள், காலி நாற்காலி படத்தில் தெரிகிறது என்றார். எழுந்து வந்தது பாதிப்பேர்தான். அதில் இரண்டு வரிசை காவலாளிகளின் குடும்பம். நீ அதைக் காதில் வாங்காத மாதிரி கயிற்றைப் பிடித்துக் குனிந்துகொண்டிருந்தாய். உன் கழுத்தில் நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்.

பெண்டாங்கில் நடந்தது இன்னும் மோசம். அறுவடை முடிந்து நடந்த சந்தையில் பாட்டுப் போட்டிக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் நடுவில் உன் சண்டையைச் செருகியிருந்தார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு மேடையைச் சுற்றி ஓடின. ஏற்பாடு செய்த ஆள் மாஸ்டரிடம் வந்து, சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள், குலுக்கலுக்கு ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்றான். அன்று நீ போட்ட மாதிரி வேறு என்றைக்கும் போட்டதில்லை. அந்தத் தாய்லாந்துப் பையனும் சளைத்தவன் இல்லை. கடைசிச் சுற்றில் நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மதித்து அடித்துக்கொண்டதைப் பார்த்து மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டல் வந்தது, குலுக்கல் பெட்டியை மேடைக்குத் தூக்கி வந்தபோதுதான். திரும்பி வரும்போது காடியில் நீ முன்சீட்டில் ஐஸ் மூட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ம்மா, இன்னிக்கு நல்லா போட்டேன்ல?" என்று கேட்டாய். "ரொம்ப நல்லா போட்டேடா" என்றேன். "யாருமே பார்க்கலையேம்மா" என்றாய். நான் பார்த்தேனே என்று சொன்னேன். அது உனக்குப் போதவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பினாங்கு ஆள் வந்தார், குத்துச்சண்டை நிகழ்ச்சி நடத்துகிறவர் என்று. நம் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "பாக்ஸிங் செத்துப் போச்சும்மா, இப்ப கதைதான் ஓடும்" என்றார். கைப்பேசியில் நகைச்சுவை வீடியோ போட்டுப் பேர் வாங்கிய விக்கி என்ற பையனோடு உன்னை மோதவிடப் போவதாகச் சொன்னார். அந்தப் பையன் சும்மா ஆறு மாதம் கையுறை போட்டுப் பழகியவன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நீ அந்தப் பையனைப் பத்திரமாக விளையாடி அனுப்பிவிடுவாய், கூட்டமும் ஒரு தடவை உன் ஆட்டத்தைப் பார்க்கும், அடுத்த சண்டைக்கு நாலு பேர் கூடுதலாக வருவார்கள் என்று நினைத்துச் சரி என்றேன்.

சண்டைக்கு முதல்நாள் நீ, "நாளைக்கு டீசட்டை வேணாம்மா, அந்த மஞ்சச் சேலையைக் கட்டிக்கிட்டு வாங்க" என்றாய். மூலையில் நிற்கிறவள் சேலை கட்டிக்கொண்டு எப்படியடா ஏறி இறங்குவது என்று திட்டினேன். "உங்களை அழகாப் பார்க்கணும்னு ஆசையா இருக்கும்மா" என்றாய். நான் உருகிப் போனேன். சண்டையன்று காலையிலேயே சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். மண்டபத்தில் ஒரு கேமராக்காரப் பையன் மேடையைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பியே நின்றான். நான் மறைக்கிறேனோ என்று நகர்ந்தேன். "பரவால்ல ஆண்ட்டி, அங்கேயே இருங்க" என்றான். நல்ல மரியாதையான பையன் என்று நினைத்தேன். இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. பாத்திரம் கழுவும்போது வருகிறது, பஸ்ஸில் வருகிறது. வரும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது சுற்றில் நீ விழுந்தாய். மண்டபம் நிறைந்திருந்தது. நம் பழைய தோட்டத்திலிருந்து பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நீ பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து அசையாமல் கிடந்தாய். எனக்கு உன் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு வீடியோவில்தான் கேட்டேன். சேலை கயிற்றில் மாட்டிக்கொண்டது, மாஸ்டர் என் தோளைப் பிடித்து இழுத்தார், நடுவர் எண்ணிக்கொண்டிருந்தார். தலையில் அடிபட்டவர்கள் எப்படி இருப்பார்கள் என்று கிளினிக்கில் பார்த்தவள் நான். மரத்திலிருந்து விழுந்த ஒரு பையன் இதே மாதிரி பக்கவாட்டில் கிடந்தான், அவன் பிறகு அம்மாவைக்கூட அடையாளம் தெரியாமல் போனான். அந்தப் பையன்தான் என் கண்முன்னால் வந்தான். ஆத்தா, என் பிள்ளை எழுந்து நின்றுவிட்டால் என் தலைமுடியை உனக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டினேன். நடுவர் எண்ணி முடிப்பதற்குள் நீ முழங்காலை ஊன்றி எழுந்தாய். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். கடைசியில் இரண்டு பேரும் சமம் என்று அறிவித்தார்கள். சமமோ தோல்வியோ, எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. உன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு வீக்கமும் இல்லை. ஆத்தாள் காப்பாற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நீதான் காடி ஓட்டினாய். என் முடி ஒன்றும் பெரிய முடி இல்லை, சாயம் போட்டுப் போட்டு மெலிந்ததுதான். ஆனாலும் முடி இறக்குகிறவர் கத்தியை எடுத்தபோது தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர், "நெசமாவாக்கா? பூ முடி மட்டும் கொஞ்சம் கொடுத்தாப் போதுமே" என்று கேட்டார். உயிருக்கு வேண்டியது, முழுசாகவே எடுங்கள் என்றேன். நீ என் தோட்டையும் மூக்குக் கண்ணாடியையும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். என் தலையில் நீதான் தண்ணீர் ஊற்றினாய், சந்தனமும் நீதான் பூசினாய். உன் கண் நனைந்திருந்தது. மகன் அம்மாவை நினைத்து அழுகிறான் என்று எனக்குப் பெருமை. பஸ்ஸில் வந்திருந்த பெண்களில் மூன்று பேர் உனக்காகத் தாங்களும் வேண்டிக்கொண்டிருந்தார்கள். செல்லம்மா அக்கா, உனக்குச் சின்ன வயசில் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவர், முழங்கால் வலியோடு பால்குடம் எடுத்துப் பிராகாரத்தைச் சுற்றினார். அவர் சுற்றி முடிக்கும்வரை நீ கைகூப்பி நின்றாய். அதையும் யாரோ படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம் சொந்தக்காரப் பிள்ளைகள் என்று நினைத்தேன்.

பிறகு நடந்ததை ஊரே அறியும். நான் கத்தியதையும் மொட்டை போட்டதையும் ஒட்டி, பின்னால் சோகப் பாட்டு ஒன்றையும் போட்டுப் பரப்பினார்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் காய் வாங்கப் போனால், "நீங்கதானே அந்த பாக்ஸர் அம்மா?" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மலாய்க்காரப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், அவளுடைய மகன் மோட்டார் விபத்தில் அடிபட்டவனாம். மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷம் உன் பின்னால் வாஸ்லைன் டப்பாவோடு நின்றவளை இப்போதாவது நாலு பேர் பார்க்கிறார்களே என்று இருந்தது. மொட்டைத் தலைக்குத் துணி கட்டாமலே வெளியே போனேன்.

விக்கிதான் உடைத்தான், பாவம், வேண்டுமென்று இல்லை. போன மாதம் அந்தப் பையன் ஒரு கூடைப் பழத்தோடு வீட்டுக்கு வந்தான். நீ இல்லை. பிள்ளை தேடி வந்திருக்கிறதே என்று மீ கோரெங் பிரட்டிக் கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே, "அன்னிக்கு நீங்க கத்துன கத்துல எனக்கே கை காலெல்லாம் ஒதறிப் போச்சும்மா. எத்தனை தடவை பழகுனீங்க?" என்று கேட்டான்.

"எதைப் பழகறது?" என்றேன்.

"அதாம்மா, நான் தோள்ல தட்டுனதும் அண்ணன் விழணும், நீங்க..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். முள்கரண்டி கையிலேயே நின்றது. "உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்கம்மா. சத்தியமா அப்படித்தான் சொன்னாங்க" என்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"சாப்பிடு தம்பி, ஆறிடும்" என்றேன். அவன் போகும்வரை நான் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மாலை உன் அப்பா வேலையிலிருந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்ததும் கேட்டேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். குறைத்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மொட்டை போட்டு வந்த அன்றே நீ அவரிடம் சொல்லிவிட்டாயாம். "மொட்டை போட்டாச்சே, இனிமே சொல்லி என்னா பண்றதுன்னு விட்டுட்டேன்" என்றார். மாஸ்டருக்கும் தெரியும். கேமராக்காரப் பையனுக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் உன் உயிருக்காக நடுங்கிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்தி, எனக்குத்தான் தெரியாது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற மனிதர் என் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு தினமும் பசியாறியிருக்கிறார்.

நீ ஞாயிற்றுக்கிழமை வந்தாய். சமையல்கட்டில் நின்றே பேசினோம். "கோவப்படாமக் கேளுங்கம்மா. பாக்ஸிங் பார்க்க ஆளு இல்ல. பெண்டாங்ல நீங்களே பார்த்தீங்க. ஆனா ஒரு அம்மா அழுவுறதைப் பார்க்க நாடே வருது. நான் என்னா பண்ணட்டும், சொல்லுங்க" என்றாய்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்களா? உங்களுக்கு நடிக்க வராதும்மா." இதை நீ பாராட்டு மாதிரி சொன்னாய். சிரிக்கக்கூடச் செய்தாய்.

"சரி, முடியை எடுக்கறதுக்கு முன்னாடியாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"அதை நான் கேட்கலையேம்மா. நீங்களா வேண்டிக்கிட்டீங்க."

 அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அந்த வார்த்தைக்குப் பதிலை இப்போது சொல்கிறேன். ஆமாம், நீ கேட்கவில்லை. நீ செத்துக் கிடப்பது போலக் கிடந்தாய், நான் கேட்காமலே கொடுத்தேன். பெற்றவள் அப்படித்தான் கொடுப்பாள் என்று உனக்குத் தெரியும், அந்த நிச்சயத்தின் மேல்தான் நீயும் அந்தப் பினாங்கு ஆளும் கடை விரித்தீர்கள். கோயிலில் கத்தி என் தலையில் படுவதற்கு முன்னால் எவ்வளவோ நேரம் இருந்தது. காடியில் வந்த வழி முழுக்க நேரம் இருந்தது. "வேணாம்மா" என்று ஒரு வார்த்தை போதும். நீ என் கண்ணாடியை வாங்கித் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். விழுந்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன் லோகா. கண்ணாடியைத் துடைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வேண்டுதலை என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதும் பொய், கிடைத்ததும் பொய், கொடுத்தது மட்டும் நிஜம். பூசாரியிடம் போய்க் கேட்டேன். ஆத்தாளுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். அங்கிருந்து செல்லம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். பால்குடம் எடுத்தவரிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "நான் ஆத்தாளுக்குத்தானே எடுத்தேன், ஒன் மவனுக்கா எடுத்தேன்? விடு லா" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் வாசல்வரை வழியனுப்ப வந்தவர், நான் செருப்பை மாட்டும்போது, "நான் நொண்டி நொண்டிச் சுத்துறப்ப அவன் என்னையப் பார்த்துக்கிட்டுத்தானே நின்னான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கூடச் சேர்ந்து திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

இவ்வளவுக்கும் பிறகு நீ என்னிடம் கேட்டது, விக்கியோடு நடக்கப்போகிற மறுசண்டைக்கு வந்து மூலையில் நிற்கச் சொல்லி. சுங்கைப்பட்டாணியில் பெரிய மண்டபம், டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். சுவரொட்டியில் உன் படத்தைவிட என் மொட்டைத் தலை பெரிதாக இருக்கிறது. அதை அச்சடிக்கும் முன்னால் யாரும் என்னைக் கேட்கவில்லை. "உண்மையை இந்தச் சண்டை முடிஞ்சதும் சொல்லிடலாம்மா, இப்பச் சொன்னா எல்லாம் போயிடும்" என்றாய். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில், முடி வளர ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டாய். அக்கறையாகக் கேட்கிறாய் என்று ஒரு நொடி நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் ஒட்ட வெட்டிக்கிட்டா நல்லாருக்கும்மா, போஸ்டர்ல அப்படித்தான இருக்கு" என்றாய். நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அந்த நிமிஷத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அதனால் சண்டை முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. எனக்காக அழுத அந்த மலாய்க்காரப் பெண்ணுக்கும், பஸ் பிடித்து வந்தவர்களுக்கும் இப்போதே தெரியட்டும். இதனால் உன் நிகழ்ச்சி நின்றாலும் நிற்கலாம், இன்னும் கூட்டம் வந்தாலும் வரலாம். இந்தக் காலத்து ஜனங்களைப் பற்றி எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. அம்மா என் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். நாடகம் போடுவதை நான் தப்பு என்று சொல்லவே இல்லை. நாடகம் என்று பலகை மாட்டிவிட்டு ஆடு, நானே முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறேன். விக்கி அதைத்தான் செய்கிறான், அவன் யாரையும் ஏமாற்றவில்லை. ஆட்கள் வராத தொழிலில் மாட்டிக்கொண்டது உன் குற்றமும் இல்லை. ஜனங்களுக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். வேறு வேலைக்குப் போகிறேன் என்று வந்து சொல்லியிருந்தால், அந்த இரும்புத் தகட்டைக் காயலான்காரனிடம் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஜனங்கள் உன்னைக் கைவிட்டார்கள் என்று பெண்டாங்கிலிருந்து வரும் வழியில் நீ எவ்வளவு நொந்தாய். உன்னை விட்டுப் போகாமல் நின்றவள் ஒருத்திதான், அவளைப் போய் ஏமாற்றினாயே என்றுதான் கேட்கிறேன். உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதனிடம் பொய் சொல்ல வேண்டிய நேரம் வரத்தான் செய்யும், எல்லாரும் சொல்கிறோம். அது பயந்து நடுங்கும்போது மட்டும் சொல்லாதே.

வரமாட்டேன் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு, ஒருவேளை வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே, உண்மையாகவே யோசித்தேன். நீ மேடையில் இருக்கிறாய். ஒரு அடி விழுகிறது, நீ சாய்கிறாய், அசையாமல் கிடக்கிறாய். நான் ஓடி வரமாட்டேன் லோகா. நான் முதலில் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பேன். மாஸ்டர் முகத்தைப் பார்ப்பேன். இது பேசி வைத்ததா, எப்போது எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்குப் போடுவேன். அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் உனக்கு உள்ளுக்குள் நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்?

மேடையில் அடி வாங்குகிறவனுக்கு அது என்றைக்கு வேண்டுமானாலும் ஆகலாம், எதிரில் நிற்பது விக்கியானாலும் ஆகலாம். அதனால்தான் சொல்கிறேன், உன் மூலையில் வேறு யாரையாவது நிறுத்திக்கொள். நீ விழுந்தால் நிஜமாகத்தான் விழுந்திருக்கிறாய் என்று நினைத்து ஓடி வருகிற ஒருத்தரைத் தேடு. நான் இனி அந்த ஆள் இல்லை.

அம்மா